தோட்டப்புற மாணவர்க்கு உபகாரச் சம்பளம்: நம்மால் இயன்றது என்ன?

கல்வியின் சிறப்பை நம் தோட்ட மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவச் செல்லும் தாய் தந்தையர், அந்தக் கத்தி தம் பிள்ளையின் கைக்குச் செல்லக்கூடாது என்று எண்ணியே உழைக்கின்றனர். எனினும், படிக்கவைக்க வேண்டும் என்னும் விருப்பத்துக்கும் படித்து முடிப்பதற்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. அப்பள்ளம் எங்கே உள்ளது, அதை நிரப்பும் உபகாரச் சம்பளம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

செலவு தொடங்கும் இடம்

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் வாழும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டுமென, கூட்டு மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளி தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்த ஏற்பாடு தொடக்கக் கல்வியோடு நின்றது. இடைநிலைப்பள்ளி பட்டணத்தில் இருந்தது. பெரும்பாலும் இன்றும் அப்படியே இருக்கிறது.

ஆகவே, ஆறாம் ஆண்டு வரை நடந்தே பள்ளிக்குச் சென்ற பிள்ளை, முதலாம் படிவத்தில் சேரும் நாளிலிருந்து பேருந்தில் செல்ல வேண்டியதாகிறது. பேருந்துக் கட்டணம், மதிய உணவு, புதிய சீருடை, காலணி, பயிற்சி நூல்கள் ஆகிய யாவும் ஒருங்கே வந்து சேர்கின்றன.

இவை வந்து சேரும் காலத்தையும் கவனித்தல் வேண்டும். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை நவம்பர் தொடங்கிப் பெய்யும் காலம் அது. மரம் நனைந்தால் வெட்டு இல்லை; வெட்டு இல்லையேல் வருமானம் குறையும். அதையடுத்து இலையுதிர் காலம் வந்து பாலும் வற்றுகிறது. வீட்டில் கையிருப்பு மிகக் குறைந்திருக்கும் வேளையில்தான் பள்ளிச் செலவு வாசலில் நிற்கிறது. முதல் மாதத்தில் பேருந்துக் கட்டணம் கட்ட இயலாத பிள்ளை சில நாள் வராமல் இருக்கிறது, பாடம் விட்டுப்போகிறது, வகுப்புக்குச் செல்லக் கூச்சம் பிறக்கிறது, பின்னர் மெல்ல நின்றுவிடுகிறது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள முதலில் நிறுத்தப்படுவது மூத்த பெண்பிள்ளை.

அரசாங்க உதவிகள்

தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதாவை நாடாளுமன்ற மக்களவை 2025 ஜூலையில் நிறைவேற்றியது. 1975-இல் வசதி குறைந்தோர்க்கெனத் தொடங்கிய பாடநூல் கடனுதவித் திட்டம், 2008 முதல் எல்லா மாணவர்க்கும் விரிவாக்கப்பட்டது. பெற்றோர் வருமானம் பாராமல் மாணவர் ஒவ்வொருவருக்கும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி வழங்கும் முறை 2023-இல் நடைமுறைக்கு வந்தது.

இவற்றை முதலில் முழுமையாகப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையிலிட்டு வைத்திருங்கள். வகுப்பாசிரியரிடமோ, மாணவர் நலனைக் கவனிக்கும் துணைத் தலைமையாசிரியரிடமோ சென்று, என்னென்ன உதவிகள் உள்ளன, விடுதியில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்பதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

உயர்கல்விக்கும் வாய்ப்புகள் பல உள. 1984-இல் அமைந்த எம்.ஐ.இ.டி. எனும் கல்விக் கழகமும், 1997-இல் அமைந்த பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்வி நிதியும் கடனுதவி வழங்குகின்றன. ஆனால் அந்த வாசலை அடைய எஸ்.பி.எம். தேர்வு எழுதியிருக்க வேண்டுமன்றோ? இடைநிலைப்பள்ளியின் நடுவில் நின்றுவிட்ட பிள்ளைக்கு அவ்வாசல் திறந்திருந்தும் பயனில்லை. எனவே, சிறு தொகை பெரும் பயன் தரும் காலம் முதலாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரையிலான காலமேயாகும்.

பத்து வெள்ளியின் வலிமை

பலர் சேர்ந்து சிறு தொகை போடுவது நமக்குப் புதிதன்று. 1950-களில் திரு. கோ. சாரங்கபாணி அவர்கள் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் தொடங்கியபோது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்காகத் தொழிலாளரும் ஆளுக்கொரு வெள்ளி அளித்தனர். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு பெறுமாறு தொழிலாளரை அழைத்தார். அப்பணத்தால் கெடாவின் புக்கிட் சீடிம் முதலிய தோட்டங்கள் தொழிலாளர்க்கே உரிமையாயின.

இதே முறையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிள்ளையின் பேருந்துக்கு மாதம் 80 ரிங்கிட் என வைத்துக்கொண்டால், பத்து மாதத்துக்கு 800 ரிங்கிட். சீருடை, காலணி, நூல்களுக்கு 300 ரிங்கிட். ஆக மொத்தம் ஆண்டுக்கு 1,100 ரிங்கிட். பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால், ஒரு குடும்பத்தின் பங்கு மாதம் பத்து ரிங்கிட்டுக்கும் குறைவே.

இப்பங்கினைத் தோட்டத்தில் வாழ்வோர் மட்டுமே ஏற்க வேண்டும் என்பதில்லை. ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே பெர்மாஸ் ஜெயாவை எண்ணிப் பாருங்கள். பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்கும் நகருக்கும் இடையே வளர்ந்த குடியிருப்பு அது. ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து, படித்து, நகர்ப்புற வேலைக்கு வந்தோர் பலர் இத்தகைய குடியிருப்புகளில் வாழ்கின்றனர். குளுவாங், சிகாமாட், கோத்தா திங்கி வட்டாரங்களின் தோட்டங்கள் அவர்களுக்கு எட்டாத் தொலைவில் இல்லை. தாம் பயின்ற பள்ளியிலிருந்து படிவம் ஒன்றுக்குச் செல்லும் ஒரு பிள்ளையைப் பத்து நண்பர்கள் சேர்ந்து ஏற்றுக்கொள்வது இயலாத காரியமா? நகரில் குடியேறிய உறவினர் விடுமுறைக்கு வரும்பொழுது, இதனை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

உபகாரச் சம்பளம் கொடுப்போர் சில நெறிகளைப் பின்பற்றுதல் நலம்.

முதலாவது, புள்ளியை மட்டும் பார்த்து மாணவரைத் தேர்ந்தெடுக்கலாகாது. முதல் மாணவனுக்குப் பரிசளிக்கப் பலர் உளர். நடுத்தரமாகப் படிக்கும் ஏழைப் பிள்ளையே நின்றுவிடும் ஆபத்தில் இருக்கிறது. தேவையும் ஒழுங்கான பள்ளி வரவுமே அளவுகோலாகட்டும்.

இரண்டாவது, ஆண்டின் முதல் தவணை டிசம்பரிலேயே கிடைத்தல் வேண்டும். மார்ச்சில் வரும் காலணி ஜனவரியில் பயன்படாது. பேருந்துக் கட்டணத்தை உரியவரிடம் நேரே செலுத்திவிடலாம்.

மூன்றாவது, ஐந்தாண்டுக்கும் பொறுப்பேற்க இயலுமா என்று முன்னரே எண்ணித் துணிய வேண்டும். நடுவில் கைவிடுவது பிள்ளையின் மனத்தை உடைக்கும். பத்துப் பேர் சேர்வதன் நன்மையும் இதுவே: ஒருவர்க்கு இடர் வந்தாலும் ஒன்பது பேர் தாங்குவர்.

நான்காவது, கணக்கு ஒளிவுமறைவின்றி இருத்தல் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் போன்ற பதிவுபெற்ற அமைப்பின் வழியே நடத்துவது பாதுகாப்பானது. ஆசிரியர் ஒருவர், தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவர், தாய்மாருள் ஒருவர் என மூவர் பொறுப்பேற்கலாம். வங்கியிலிருந்து பணம் எடுக்க இருவர் கையொப்பம் தேவை என்று வைத்துக்கொள்ளலாம். வரவு செலவை ஆண்டுக்கு இருமுறை கொடுத்தோர்க்கு அறிவிக்க வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளையின் மானத்தைக் காத்தல் வேண்டும். மேடையேற்றிப் படம் எடுத்து, ‘ஏழை மாணவன்’ என்று பெயர் சூட்டுவது உதவியின் பயனைக் கெடுத்துவிடும். உபகாரச் சம்பளம் பெறும் பிள்ளை, மற்றப் பிள்ளைகளைப் போலவே தலைநிமிர்ந்து பேருந்தில் ஏறட்டும்.

பெற்றோர்க்கும் ஒரு கடமை உண்டு. உதவி கிடைத்த பின், பிள்ளை நாள்தோறும் பள்ளி சென்றதா, மதிப்பெண் அறிக்கை எப்போது வரும் என்று விசாரிக்க வேண்டும். படிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். ஆசிரியர் விளக்கிச் சொல்வார்.

ஐந்து படிவங்கள் என்பவை அறுபது மாதங்கள். அந்த அறுபது மாதங்களைக் கடத்திவிட்டால், பிள்ளைக்கு வேலைப் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரி, பல்கலைக்கழகம் எனப் பல வழிகள் திறக்கும். மழை தொடங்குமுன் உங்கள் தோட்டத்தில் ஒரு கூட்டம் கூட்டுங்கள். அடுத்த ஆண்டு முதலாம் படிவம் செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். எண்ணிக்கை தெரிந்தால் வழியும் பிறக்கும்.