திருமணத்துக்கு முன் எழுதிய மரண சாசனம் செல்லாது

பேலியகொடை மீன் சந்தையில் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் இளைஞர், தனக்குப் பின் காணி தம்பிக்கே என்று நொத்தாரிசிடம் மரண சாசனம் எழுதி வைத்தார் என்று கொள்வோம். பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். சாசனம் அலுமாரியிலேயே கிடந்தது. அவர் காலமான பின் தம்பி அதைக் கொண்டுவந்தாலும் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, சாசனம் எழுதியவர் திருமணம் செய்தால் முன்பு எழுதியது இரத்தாகிவிடும். விவாகரத்துக்கு அந்த விளைவு இல்லை. பிரிந்து போனவரின் பெயர் சாசனத்தில் இருந்தால், நாமே புதிதாக எழுதி அதை மாற்ற வேண்டும்.

சாசனம் இல்லாவிட்டால்?

பொதுச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு, 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதி பிள்ளைகளுக்கு. வெள்ளவத்தையில் குடியிருந்தாலும் வடக்கையே நிரந்தர வதிவிடமாகக் கொண்ட தமிழருக்குத் தேசவழமை பொருந்தும். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. உங்கள் குடும்பம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் சட்டத்தரணியிடம் கேட்டறியுங்கள்.

பலர் தவறும் இடங்கள்

வெளிநாட்டிலுள்ள பிள்ளை தந்த அற்றோணித் தத்துவம் கையில் இருக்கிறதே என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள். தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். அதன் பிறகு அதைக் காட்டிக் காணி விற்க முடியாது.

வங்கிக் கணக்குக்கு நியமித்த பின்னுரித்தாளரை மரண சாசனம் மாற்றாது. வங்கிக்கே எழுத்தில் அறிவித்து மாற்ற வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குக் கொடுத்த பெயரையும் தனியாகச் சரிபாருங்கள்.

வயதான காலத்தில் வீட்டை மீளப்பெற முடியாத நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிடப்படும் பெற்றோர் இருக்கிறார்கள். பெரும் நன்றிகேட்டைக் காரணம் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் அதை இரத்துச் செய்யக் கோர 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது. ஆனாலும் அது நீதிமன்றம் ஏறித்தான் கிடைக்கும். கொடுக்கும்போதே சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவதே பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை

மரண சாசனம் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஒரே வேளையில் ஐந்து சாட்சிகளாவது வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

கல்யாணம், பிள்ளைப்பேறு, விவாகரத்து, மரணம், காணி வாங்கல் விற்றல், பிள்ளைகளின் வெளிநாட்டுக் குடியுரிமை ஆகிய ஒவ்வொன்றுக்குப் பின்னும் சாசனத்தையும் பின்னுரித்துப் பெயர்களையும் திறந்து பாருங்கள். மூல உறுதிகள் எங்கே இருக்கின்றன என்பதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள், 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நீங்கள் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போது இடும் ஒரு கையொப்பம், உங்கள் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறவிடாமல் காக்கும். அலுமாரியிலுள்ள சாசனத்தை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள்.