கதைக் கருவும் புதுமையும்

கதை எழுதப் புகும் மாணவர் பலர், "எல்லாக் கதைகளையும் முன்னோர் எழுதி முடித்துவிட்டனரே, எமக்கென எஞ்சியது யாது?" என வினவுவதுண்டு. இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. இதற்கு விடை காணாதார் பிறர் கதையைப் பெயர் மாற்றி எழுதுவர். அல்லது எழுதுகோலையே கீழே வைத்துவிடுவர். இரண்டும் மொழிக்கு இழப்பே.

எவரும் கேளாத நிகழ்ச்சியைப் புனைவதே புதுமை என்பது ஒரு மயக்கம். நிகழ்ச்சிகள் சிலவே, அவற்றை நோக்கி எழுப்பத்தகும் வினாக்களோ பல. வினாவிலேதான் புதுமை பிறக்கின்றது என்பது எமது துணிபு.

அகலிகை கதையை எடுத்துக்கொள்வோம். வான்மீகியார் அவளைப் பிறர் கண்ணுக்குப் புலனாகாது தவங்கிடந்தவளாகக் காட்டினார், கம்பர் கல்லாக்கினார். இருவரிடத்தும் இராமன் வருகையோடு சாபம் நீங்குகின்றது. 1943இல் 'சாபவிமோசனம்' எழுதிய புதுமைப்பித்தனோ, சாபம் நீங்கியபின் அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்று சிந்தித்தார். தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீப்புகக் கேட்டான் என அறிந்த அகலிகை மீண்டும் கல்லாகின்றாள். பழைய கதை முடிந்த இடத்திற் புதிய கதை தொடங்கிற்று.

நிகழ்ச்சியின் அளவை மாற்றினும் புதுக்கதை தோன்றும். சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பு களவுபோகக் கோவலன் கொலையுண்டான், மதுரை எரிந்தது. நம் நாட்டு இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' என்னும் சிறுகதையிலும் காலில் அணியும் அணியொன்றே தொலைகின்றது. அங்கே அரசுமில்லை, தீயுமில்லை. வல்லிபுரக் கோயிலுக்குச் சென்ற இளந்தம்பதியரின் மனத்தாங்கலே கதையாகின்றது.

இனி, நம்மூர் நிகழ்ச்சியொன்றைக் கொண்டு இம்முறையைப் பயில்வோம். பங்குக் கிணற்று நீருக்காகச் சகோதரர் இருவர் வழக்காடுகின்றனர் என்க. மனத்தில் முதலில் எழும் முடிவு, தாயின் மரணப்படுக்கையருகில் இருவரும் கட்டித்தழுவுதல். அதனைத் தள்ளிவிடுக. முதலில் வரும் முடிவு பெரும்பாலும் நாம் படித்த கதைகளின் நினைவேயாம். பின்பு, எவர் கண்கொண்டு காண்பது என ஆராய்க. இரு வீட்டாருக்கும் நீரிறைக்கும் கூலியாளின் கண் ஏற்றதாகலாம். அடுத்து, மண்ணின் இயல்பை நோக்குக. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பாறையினுள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து கிடக்கின்றது. அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும். சகோதரர் போட்டியிட்டு இயந்திரம் பூட்டி இறைத்தனராயின், தீர்ப்பு வரும் நாளிற் கிணறு உவராகியிருக்கும். கூலியாளே அதனை முதலிற் சுவைத்தறிகின்றான். இம்முடிவை நமக்குத் தந்தது அந்நிலமே.

1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி அவர்கள் எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பியக் கதையொன்றின் தழுவல். 1914இல் மங்களநாயகம் தம்பையா அம்மையார் 'நொறுங்குண்ட இருதயம்' எழுதியபோது யாழ்ப்பாணத்து இல்லறத்தின் துயர் கதையாயிற்று. இரவலிலிருந்து சொந்த நிலத்துக்கு நம் எழுத்தாளர் நடந்துவந்த வழி அது.

மாணவர்காள்! கேட்டறிந்த நிகழ்ச்சி ஒன்றை எடுத்து, "பின்பு யாது நிகழ்ந்தது? எவர் கண்டார்? இவ்வூரில் ஏன் இவ்வாறு முடிந்தது?" என வினவி எழுதிப் பாருங்கள். எழுதப்படாது மறையும் வாழ்க்கை நம்மூர்களில் மிகுதி. அதனை உங்கள் எழுத்திற் காணப் பழைய மாணவராகிய நாம் ஆவலோடு காத்திருக்கின்றோம்.