திறக்காத கடைக்கு அலங்காரம் எதற்கு?

1999 நவம்பரில் லண்டனிலிருந்து தொடங்கியது, 'பூ டாட் காம்' என்ற ஆன்லைன் துணிக்கடை. முப்பரிமாணப் படங்கள், வழிகாட்ட 'மிஸ் பூ' என்ற அனிமேஷன் பெண் என ஏக அலங்காரம்! ஆனால், அன்று பெரும்பாலான வீடுகளில் இருந்தது மெதுவான டயல்-அப் இணையம். பக்கம் திறப்பதற்குள் பலர் பொறுமையிழந்தார்கள். கட்டுக்கடங்காத செலவும் சேர, 2000 மே மாதமே கடை மூடப்பட்டது.

இன்று அதே தவறு செல்போனில் நடக்கிறது. முதலில் கனமான வீடியோ ஓடும். விலையும் கடை நேரமும் தேடினாலும் கிடைக்காது. போன் நம்பரைப் படமாகப் போட்டிருப்பார்கள். தொட்டால் அழைப்பு போகாது.

உங்கள் கடையின் இணையதளத்தை வீட்டுப் பெரியவரின் சாதாரண போனில், மொபைல் டேட்டாவில் திறக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அவரால் கடைக்கு போன் போட முடிந்தால், உங்கள் தளம் பாஸ்!