மோட்டார் வண்டிக்குள் சாலை இரைச்சல்: அது நுழையும் வழிகளும் தடுக்கும் முறைகளும்

புனே நகரின் கிழக்குப் பகுதியில், முளா–முத்தா ஆற்றின் வடகரையில் கராடி அமைந்துள்ளது. முன்னர் வேளாண்மைச் சிற்றூராக இருந்த இவ்விடத்தில் இன்று கணிப்பொறித் தொழில் வளாகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்துள்ளன. இதனை ஒட்டி அகமதுநகருக்கு, அதாவது இன்றைய அகில்யாநகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையின் லாரிகளும் பஸ்களும் கார்களும் ஓயாது செல்கின்றன.

இத்தகைய சாலையில் நாள்தோறும் கார் ஓட்டுவோர், கண்ணாடிகளை முற்றிலும் உயர்த்திய பின்னரும் இடைவிடாத ஓர் உறுமலைக் கேட்கின்றனர். அது பேச்சை மறைக்கிறது. நெடுந்தொலைவு செல்வோருக்குக் களைப்பை உண்டாக்குகிறது. அதனைக் குறைக்க விரும்புவோர் பலர், கடைகளில் விற்கும் தகட்டு ஒட்டுகளையும் நுரைப் பஞ்சையும் வாங்கி, வண்டியின் உட்புறம் முழுவதும் ஒட்டச் செய்கின்றனர். பெரும்பொருள் செலவான பிறகும் உறுமல் அவ்வளவாகக் குறையாதது கண்டு ஏமாற்றம் அடைகின்றனர். இதற்குக் காரணம் பொருளின் குறை மட்டுமன்று. வெவ்வேறு வழிகளில் வரும் ஓசைக்கு வெவ்வேறு பரிகாரம் வேண்டும் என்பதை உணராமையே பெரும்பாலும் காரணமாகும்.

இரைச்சல் பிறக்கும் இடம்

சிறிய கார் ஒன்று சீரான வேகத்தில் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டரைத் தாண்டியதும், டயரும் சாலையும் உராய்வதால் எழும் ஓசை இயந்திரத்தின் ஓசையை விஞ்சத் தொடங்குகிறது. வேகம் இருமடங்கானால் டயர் ஓசை ஏறத்தாழ 9 டெசிபெல் உயரும். டெசிபெல் என்பது மடங்குகளைக் குறிக்கும் அளவு. 10 டெசிபெல் உயர்வு என்றால் ஒலி ஆற்றல் 10 மடங்காகிறது. செவிக்கோ அது சுமார் இருமடங்காகத் தோன்றுகிறது. மின்சாரக் கார்களில் இயந்திர ஓசை மிகக் குறைவாதலால், அதன் பின்னே மறைந்திருந்த சாலை ஓசை தெளிவாகக் கேட்கிறது.

டயரின் பள்ளங்கள் சாலையில் மோதுதல், அவற்றில் அகப்பட்ட காற்று பிதுங்கி வெளியேறுதல், சாலையின் கரடுமுரடால் டயர் அதிர்தல் ஆகியவை இவ்வோசையின் மூலங்கள். டயரினுள் வளையமாக அடைபட்டுள்ள காற்றும் வினாடிக்கு 200 முதல் 250 அதிர்வுகள் என்னும் அளவில் ஒத்ததிர்ந்து, குழாயில் ஊதியது போன்ற ஒலியைத் தரும்.

ஓசை செல்லும் இரு வழிகள்

முதலாவது, உலோக வழி. டயரின் அதிர்வு அச்சு, வில், உடற்கூடு ஆகியவற்றின் வழியே ஏறித் தரைத்தகட்டையும் கதவுத்தகட்டையும் அதிரச் செய்கிறது. அத்தகடுகள் முரசின் தோலைப் போல் ஒலிக்கின்றன. வினாடிக்கு 500 அதிர்வுகளுக்குக் கீழ்ப்பட்ட உறுமல் பெரும்பாலும் இவ்வழியே வருகிறது. இரண்டாவது, காற்று வழி. டயரைச் சூழ்ந்த காற்றில் எழும் ஒலி, கண்ணாடி, மெல்லிய தகடு, கதவிடுக்கு ஆகியவற்றினூடே நுழைகிறது. சீறல் போன்ற உயர்ந்த ஒலிகள் இவ்வகையின.

மூன்று பரிகாரங்கள்

தகட்டின் அதிர்வை அடக்குவதற்கு அதிர்வு தணிக்கும் பொருள் வேண்டும். மெல்லிய தகட்டில் பிசுபிசுப்பான பொருளை இறுக ஒட்டினால், தகடு வளையும்போதெல்லாம் அப்பொருளும் இழுபட்டு, அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஜெர்மன் விஞ்ஞானி ஓபர்ஸ்ட் 1952-இல் இத்தகைய பூச்சுகளின் தணிப்பு ஆற்றலைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். பிசுபிசுப்பான படலத்தின் மேல் விறைப்பான மெல்லிய தகடு ஒன்றையும் வைத்தால் தணிப்பு மிகுதியாகும் என்பதை விளக்கும் கோட்பாட்டை அமெரிக்க விஞ்ஞானி கெர்வின் 1959-இல் வெளியிட்டார். இன்று விற்கப்படும், அலுமினியத் தாள் மூடிய பியூட்டைல் ரப்பர் ஒட்டு இவ்வகையைச் சேர்ந்தது. இதனைத் தகடு முழுவதும் ஒட்ட வேண்டுவதில்லை. மிகுதியாக அதிரும் நடுப்பகுதியில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே பெரும்பயன் கிடைக்கும்.

காற்று வழியே வரும் ஒலியைத் தடுக்க எடையும் அடைப்பும் வேண்டும். தடுப்பின் எடை இருமடங்கானால் அதனைக் கடக்கும் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும் என்பது விதி. 0.8 மில்லிமீட்டர் எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6.3 கிலோகிராம் எடையுள்ளது. அதன்மேல் 2 கிலோகிராம் எடையுள்ள ஒட்டைச் சேர்ப்பதால், எடையின் காரணமாக மட்டும் கிடைக்கும் குறைவு சுமார் 2.4 டெசிபெல்தான். தகட்டின் மேல் மென்மையான நுரைப்படலமும் அதன்மேல் கனத்த ரப்பர் விரிப்பும் தனித்தனி அடுக்குகளாக அமைந்தால் பயன் கூடும். ஆயினும் இடுக்கு இருந்தால் எவ்வளவு கனத்த தடுப்பும் பயன்படாது. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், எஞ்சிய பகுதி எத்துணைச் சிறந்ததாயினும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது.

உள்ளே நுழைந்துவிட்ட ஒலி எதிரொலித்துப் பெருகாமல் இருக்க, உறிஞ்சும் பொருள் வேண்டும். துளைகள் நிறைந்த பஞ்சு, ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு தடிப்பு இருக்கும்போது நன்கு உறிஞ்சும். வினாடிக்கு 100 அதிர்வுள்ள உறுமலின் அலைநீளம் 3.4 மீட்டர், அதன் கால்பங்கு 85 சென்டிமீட்டர். எனவே ஒரு சென்டிமீட்டர் பஞ்சு அவ்வுறுமலை அடக்கும் என எதிர்பார்ப்பது வீண். மேலும் இருக்கை மெத்தைகளே ஓரளவு ஒலியை உறிஞ்சுகின்றன.

வகுப்பறையில் காட்டும் முறை

ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை எளிதில் காட்டலாம். எவர்சில்வர் பாத்திர மூடி ஒன்றைக் குமிழால் பிடித்துக் கரண்டியால் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். விளிம்பருகே இரண்டு மூன்று இடங்களில் பிசைந்த கோதுமை மாவை அழுத்தி ஒட்டிப் பின் தட்டினால் ஒலி உடனே அடங்கும். இது தணிப்பு. அடுத்து, மணியடிக்கும் கடிகாரத்தைத் திறந்த தகர டப்பாவில் வைத்து மேலே மெல்லிய பஞ்சுத் துணியைப் போர்த்தினால் ஓசை சிறிதே குறையும். மூடியை இறுக மூடினால் பெரிதும் குறையும். மூடிக்கும் டப்பாவுக்கும் இடையே ஒரு பென்சிலைச் செருகினால் ஓசை மீண்டும் எழும். இது தடுப்பும் இடுக்கும்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் ஒலியின் மூலத்தைக் கவனித்தல் நன்று. டயரின் காற்றழுத்தம் சரியாக உள்ளதா, தேய்வு சீராக உள்ளதா, சக்கரத்தின் பேரிங்கு ஒலிக்கிறதா எனப் பார்க்க வேண்டும். டயர்கள் சாலையில் எழுப்பும் ஓசைக்கும் வரம்பு விதிக்கும் அறிவிக்கையை மத்திய அரசு 2022-இல் வெளியிட்டது. டயர் மாற்றும் காலத்தில் ஓசை குறைந்ததைத் தேர்ந்தால் வேறு செலவின்றியே பயன் கிட்டும்.

அடுத்து, கதவின் ரப்பர் விளிம்புகளைச் சோதிக்க வேண்டும். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால், தாள் எளிதில் வந்துவிடும் இடத்தில் இடுக்கு உண்டு. அதன்பின் சக்கர வளைவு, தரை, கதவு என்னும் வரிசையில் தணிப்புப் பொருளையும், இறுதியில் கனத்த விரிப்பையும் இடலாம்.

கவனிக்க வேண்டியவை

கதவினுள் மழைநீர் இறங்கி அடித்துளைகள் வழியே வடியும். அத்துளைகளை அடைத்தாலோ, நீரை உறிஞ்சும் பஞ்சை அங்கே வைத்தாலோ கதவு துருப்பிடிக்கும். காற்றுப் பைகள், இருக்கைப் பட்டைச் சுருள், மின்கம்பிகள் ஆகியவற்றின் மேல் எதையும் ஒட்டலாகாது. எளிதில் தீப்பற்றும் பொருளை உட்புறத்தில் சேர்க்கலாகாது. மட்டமான தார் ஒட்டுகள் கோடை வெயிலில் இளகி நாற்றம் தரும்.

பலனை அளந்தறிதல்

புனேயின் வேதாள் குன்றில் உள்ள இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966-இல் நிறுவப்பட்டது. அங்கு வாகனங்களின் ஒலியையும் அதிர்வையும் ஆராயும் ஆய்வகம் உண்டு. அத்தகைய வசதி இல்லாதோரும் கைப்பேசியின் ஒலிமானியால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது காட்டும் எண் துல்லியமானது அன்று எனினும், முன்னும் பின்னும் உள்ள வேறுபாட்டை அறிய உதவும். ஒரே சாலைப் பகுதியில், மணிக்கு 60 கிலோமீட்டர் போன்ற ஒரே வேகத்தில், கண்ணாடிகளை மூடி, வண்டி ஓட்டாத ஒருவர் மும்முறை அளக்க வேண்டும். சாலைப் பரப்பு மாறினால் அளவும் மாறுமாதலால், வெவ்வேறு சாலைகளில் எடுத்த அளவுகளை ஒப்பிடலாகாது.

ஒவ்வொரு பரிகாரம் செய்த பின்னரும் இவ்வாறு அளந்தால், எது பயன் தந்தது என்பது விளங்கும். குறைவு காணாத இடத்தில் மேலும் பொருளை ஒட்டுவதற்கு முன், ஓசை எவ்வழியே வருகிறது என்பதை மீண்டும் ஆராய்தலே தக்கது. ஆம்புலன்சின் ஊதலும் பின்வரும் வண்டியின் ஒலிப்பானும் ஓட்டுநருக்குக் கேட்க வேண்டும் என்பதையும் மறத்தல் கூடாது. களைப்பைத் தரும் உறுமலைக் குறைப்பதே நோக்கம். வெளியோசை அனைத்தையும் அடைப்பது அன்று.