அசையாமலே ஒரு பயிற்சி

கண்களை மூடிக்கொள்ளுங்கள். வழக்கமாக எழுதும் கையால் உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதுவதாக மனத்துக்குள் நினைத்துப் பாருங்கள். அடுத்து, அதே பெயரை மற்றக் கையால் எழுதுவதாக நினையுங்கள். பெரும்பாலோருக்கு இரண்டாவது முறை கூடுதல் நேரம் பிடிக்கும். வெறும் கற்பனைதானே, அதில் தடுமாற என்ன இருக்கிறது?

தடுமாறுவது கையன்று, கைக்குத் திட்டம் போடும் மூளை. தேநீர்க் குவளையை நோக்கிக் கை நகருமுன்பே, எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்பதை மூளை வகுத்துவிடுகிறது. அதன் இயக்கப் பகுதி தண்டுவடம் வழியாகத் தசைகளுக்கு ஆணை அனுப்புகிறது. நேரமும் அளவும் பிசகாமல் சிறுமூளை திருத்திக் கொடுக்கிறது. அசைவைக் கற்பனை செய்யும்போதும் இந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி வேலை செய்கிறது. ஆணை மட்டும் தசையைச் சென்று சேராதபடி தடுக்கப்படுகிறது.

1995ல் அமெரிக்காவில் அல்வாரோ பாஸ்குவல்-லியோனே குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற சான்று. பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கற்பித்தார்கள். ஒரு பிரிவினர் 5 நாள்கள், நாளுக்கு 2 மணி நேரம் வாசித்துப் பழகினார்கள். மற்றொரு பிரிவினர் அதே நேரம் பியானோ முன் அமர்ந்து, விரலை அசைக்காமல் மனத்தில் மட்டும் வாசித்தார்கள். விரல் தசைகளுக்கான மூளைப்பகுதி இரு பிரிவினருக்குமே விரிவடைந்திருந்தது! வாசிப்பில் மட்டும் மனத்தால் பழகியவர்கள் பின்தங்கினார்கள்; மற்றவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய தரத்தில்தான் இருந்தார்கள். ஆனால் 2 மணி நேரம் உண்மையாக வாசித்ததும் அந்த இடைவெளியும் நிரம்பிவிட்டது.

பூப்பந்துப் போட்டி நெருங்கும் நேரத்தில் கையில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இன்னோர் ஆய்வு ஆறுதல் தரும். ஒஹாயோ பல்கலைக்கழகத்தின் பிரையன் கிளார்க் குழுவினர், உடல்நலமுள்ள தொண்டூழியர்களின் மணிக்கட்டுக்கு 4 வாரம் கட்டுப் போட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் மணிக்கட்டுத் தசைகளை முழு வலுவுடன் இறுக்குவதாக வாரத்தில் 5 நாள் கற்பனை செய்தார்கள். கட்டைப் பிரித்தபோது, சும்மா இருந்தவர்கள் ஏறத்தாழ 45 விழுக்காடு வலுவை இழந்திருந்தார்கள். கற்பனை செய்தவர்களின் இழப்பு 24 விழுக்காடு. வலு குறைவதற்குத் தசை மெலிவது மட்டும் காரணமன்று. தசையை முழுமையாக முடுக்கும் பழக்கத்தை மூளை இழப்பதும் ஒரு காரணம்.

ஆக, “நினைத்தாலே நடக்கும்” என்ற மேடைப் பேச்சுக்கு இந்த ஆய்வுகளைத் துணைக்கு அழைக்க முடியாது. நினைத்தவர்களும் வலுவை இழந்தார்கள்தானே! வெற்றிக் கிண்ணத்தை உயர்த்திப் பிடிப்பதாகக் கனவு காண்பதும் இந்தக் கணக்கில் சேராது. கற்பனையில் வர வேண்டியது அசைவு: மட்டையைப் பிடித்த விரல்களின் அழுத்தம், மணிக்கட்டின் திருப்பம், முன்னால் வைக்கும் கால். அதையும் தொலைக்காட்சியில் பார்ப்பதுபோலன்றி, நீங்களே ஆடுவதாக உணர வேண்டும்.

இணைப்பாட நடவடிக்கைக்குப் போகும் வழியில், ரயிலில் அமர்ந்தபடியே இதைச் செய்யலாம். சரியாகத்தான் செய்கிறோமா என்று அறியக் கைப்பேசியில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் 4 நிமிடம் பிடிக்கும் நடனம் மனத்தில் ஒரே நிமிடத்தில் முடிந்துவிட்டால், நடுவில் பல அடவுகளைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள். முதலிலிருந்து மீண்டும் ஆடிப் பாருங்கள்.