கோடி ஊடக மையத்தைக் கைப்பேசிக்கும் செட்டாப் பாக்ஸுக்கும் பெயர்த்தல்

கோடி என்பது திரைப்படம், பாடல், ஒளிப்படம், நேரலைச் சேனல் ஆகியவற்றைத் தொலைக்காட்சித் திரையில் ஒரே இடத்திலிருந்து இயக்க உதவும் கட்டற்ற ஊடக மைய மென்பொருள் ஆகும். 2014 வரை இது எக்ஸ்பிஎம்சி என்று அழைக்கப்பட்டது. கோடி என்னும் தமிழ் எண்ணுப்பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு வகைக் கருவிக்காக எழுதிய மென்பொருளை வேறு வகைக் கருவியில் இயங்குமாறு மாற்றி அமைப்பது பெயர்த்தல் எனப்படும். கோடி இவ்வாறு கணினி, கைப்பேசி, ஆண்ட்ராய்டு பெட்டி எனப் பலவற்றுக்கும் பெயர்க்கப்பட்டுள்ளது. ஆனால் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு முதலிய கொங்கு நாட்டு ஊர்களின் வீடுகளில் உள்ள சாதாரண கேபிள் செட்டாப் பாக்ஸில் அதை நிறுவ இயலாது. மென்பொருளின் மூல நிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, கருவியும் திறந்திருக்க வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

வரலாறு

கோடியின் தொடக்கம் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியில் உள்ளது. 2001இல் வெளிவந்த அக்கருவியில் 733 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள செயலியும் 64 மெகாபைட் நினைவகமும் மட்டுமே இருந்தன. தன்னார்வ நிரலாளர்கள் அதற்கென எழுதிய எக்ஸ்பிஎம்சியின் முதல் நிலையான பதிப்பு 2004இல் வெளியானது. சிறிய நினைவகத்துக்குள் அடங்குமாறு எழுதப்பட்ட இந்நிரல், பின்னாளில் சிறு கருவிகளுக்குச் செல்ல ஏற்றதாக அமைந்தது.

2007இல் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பெயர்க்கும் பணி தொடங்கியது. 2011 சனவரியில் ஐபோன், ஐபேட், இரண்டாம் தலைமுறை ஆப்பிள் டிவி ஆகியவற்றுக்கான வடிவம் வந்தது. 2012இல் 256 மெகாபைட் நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் எக்ஸ்பிஎம்சி இயங்கிக் காட்டப்பட்டது. அதே ஆண்டு சூலையில் ஆண்ட்ராய்டு வடிவம் அறிவிக்கப்பட்டது. 2014இல் 14ஆம் பதிப்புடன் பெயர் கோடி என மாறியது.

பெயர்க்கும்போது செய்யப்படும் மாற்றங்கள்

கோடியின் பெரும்பகுதி சி++ மொழியில் எழுதப்பட்டது. மேசைக் கணினிகளில் உள்ள செயலிகளின் கட்டளைகளும் கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் செயலிகளின் கட்டளைகளும் வேறு வேறு. எனவே நிரல் முழுவதையும் ஆர்ம் செயலிக்கு ஏற்பத் தொகுக்க வேண்டும். கோடி சார்ந்திருக்கும் பல துணை நூலகங்களையும் அவ்வாறே தொகுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு செயலிகள் பொதுவாக ஜாவா அல்லது காட்லின் மொழியில் எழுதப்படுவதால், சி++ நிரலுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் இடையே ஓர் இணைப்பு அடுக்கு தேவைப்படுகிறது.

அடுத்தது திரை. எக்ஸ்பாக்ஸில் மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் வழியாகப் படம் வரையப்பட்டது. லினக்ஸுக்காக அது ஓப்பன்ஜிஎல் முறைக்கும், கைப்பேசிகளுக்காக அதன் சுருங்கிய வடிவமான ஓப்பன்ஜிஎல் இஎஸ் முறைக்கும் மாற்றப்பட்டது. உள்ளீட்டு முறையும் மாறுகிறது. கோடியின் இடைமுகம் நாற்காலியில் அமர்ந்து ரிமோட்டால் இயக்குவதற்கென வடிவமைக்கப்பட்டது. கைப்பேசியில் அதே பொத்தான்களை விரலால் தொட வேண்டியிருக்கும்.

இவை அனைத்தும் உழைப்பால் தீர்க்கக்கூடியவை. உண்மையான தடை நிகழ்படக் குறிவிலக்கத்தில் உள்ளது.

குறிவிலக்கமும் வன்பொருளும்

நிகழ்படக் கோப்புகள் எச்.264 போன்ற முறைகளில் சுருக்கி வைக்கப்படுகின்றன. ஓடும்போது ஒவ்வொரு நொடிக்கும் 25 அல்லது அதற்கு மேற்பட்ட படங்களை விரித்துத் தர வேண்டும். மேசைக் கணினியின் செயலி எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற நூலகத்தைக் கொண்டு இதைத் தானே செய்துவிடும். சிறு பெட்டியின் செயலிக்கு அந்த வலிமை இல்லை. ஆகவே அதன் சில்லில் இதற்கென்றே தனி மின்சுற்று இருக்கும். 700 மெகாஹெர்ட்ஸ் செயலி கொண்ட முதல் ராஸ்பெர்ரி பை, முழு எச்டி படத்தைத் தடங்கலின்றிக் காட்டியது இந்தத் தனிச்சுற்றால்தான்.

அச்சுற்றை இயக்கும் மென்பொருள் பெரும்பாலும் சில்லு நிறுவனத்திடம் மூடிய நிலையில் இருக்கும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வழியை வைத்திருந்ததால், தொடக்க கால ஆண்ட்ராய்டு பெட்டிகளில் ஒன்றில் சீராக ஓடிய படம் மற்றொன்றில் திணறியது. ஆண்ட்ராய்டின் மீடியாகோடெக் என்ற பொது இடைமுகம் வளர்ந்த பிறகு இச்சிக்கல் குறைந்தது. 2017இல் வெளியான கோடி 17, ஆண்ட்ராய்டு 5.0க்கு முந்தைய கருவிகளுக்கான ஆதரவைக் கைவிட்டது.

சில வேளைகளில் தடை தொழில்நுட்பம் சார்ந்ததாகவும் இருப்பதில்லை. ராஸ்பெர்ரி பையின் முதல் பலகைகளில் எம்பெக்-2 குறிவிலக்கி சில்லிலேயே இருந்தும் பூட்டப்பட்டிருந்தது. காப்புரிமைக் கட்டணமாக 2.40 பவுண்டு செலுத்தித் திறவுகோல் பெற்றால்தான் அது இயங்கும். டிவிடிகளும் டிடி ஃப்ரீ டிஷ் தரும் பல சேனல்களும் எம்பெக்-2 முறையைச் சேர்ந்தவை என்பதால் இது இந்தியப் பயனர்களுக்கும் பொருட்டாக இருந்தது.

கொங்கு நாட்டில் கேபிள் பெட்டி

கேபிள் தொலைக்காட்சியை டிஜிட்டல் முறைக்கு மாற்றும் நடுவண் அரசின் திட்டத்தில், முதற்கட்டத்தில் சென்னை உள்ளிட்ட பெருநகரங்கள் இருந்தன. 2013 மார்ச் 31ஐக் கெடுவாகக் கொண்ட இரண்டாம் கட்டத்தில் 38 நகரங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரே நகரம் கோயம்புத்தூர். 2007இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017இல் டிஜிட்டல் உரிமம் பெற்று, அதே ஆண்டு சந்தாதாரர்களுக்கு செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது.

கேபிள் செட்டாப் பாக்ஸும் ஒரு சிறு கணினியே. செயலி, நினைவகம், குறிவிலக்கச் சுற்று ஆகியவை அதிலும் உண்டு. ஆயினும் அதில் கோடியைப் பெயர்க்க மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, சேனல் காட்டுவதற்குத் தேவையான அளவு நினைவகம் மட்டுமே அதில் வைக்கப்படுகிறது. இரண்டாவது, தயாரிப்பாளரின் மின்கையொப்பம் இல்லாத மென்பொருளைப் பெட்டி தொடங்கும்போதே மறுத்துவிடும். மூன்றாவது, சேனல்கள் மறையாக்கம் செய்யப்பட்டு வருகின்றன. சந்தா செலுத்தியவரின் பெட்டிக்கு மட்டும் அவற்றைத் திறந்துகாட்டும் நிபந்தனை அணுகல் முறை, கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

இதனால் கோவையில் ஒரு வீட்டார் கேபிள் நிறுவனத்தை மாற்றினால், நன்றாக இயங்கும் பெட்டியும் பயனற்றுப் போகிறது. புதிய நிறுவனத்தின் பெட்டியை வாங்க வேண்டியுள்ளது. எந்த நிறுவனத்தின் சேவையிலும் இயங்கும் செட்டாப் பாக்ஸ்களைக் கட்டாயமாக்குமாறு இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது இச்சிக்கலைக் கருதியே.

மாறாக, ஆண்ட்ராய்டு டிவி பெட்டியில் கோடியைப் பிளே ஸ்டோரிலிருந்து நேரடியாக நிறுவலாம். டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டப்படாமல் வரும் சேனல்களை, டிவிஹெட்எண்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் செயற்கைக்கோள் ட்யூனரும் இருந்தால் கோடியிலேயே பார்க்க முடியும். அலை திறந்திருக்கும் இடத்தில் மென்பொருளுக்குத் தடையில்லை.

உரிமச் சிக்கல்

கோடி ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வெளியாகிறது. மாற்றிய நிரலைப் பரப்புவோர் அதன் மூலத்தையும் தர வேண்டும் என்பது இவ்வுரிமத்தின் நிபந்தனை. ஆனால் மாற்றிய நிரலை ஏற்குமாறு கருவியைத் திறந்து வைக்க வேண்டும் என்று அது வெளிப்படையாகக் கூறவில்லை. அமெரிக்காவின் டிவோ பதிவுப் பெட்டி, லினக்ஸ் மூல நிரலை வெளியிட்டுவிட்டு, மாற்றிய நிரலைப் பெட்டியில் இயங்கவிடாமல் தடுத்தது. இதற்கு மறுமொழியாகவே 2007இல் வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில், வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகளுக்குரிய நிறுவல் விவரங்களையும் தர வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கருனி இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே தொடர்கிறது.

தமிழ் எழுத்துருவாக்கம்

தமிழ்ப் பயனருக்குப் பெயர்த்தல் இன்னொரு படியையும் கடக்க வேண்டும். ஒருங்குறியில் 'கெ' என்ற எழுத்து முதலில் ககரமாகவும் அடுத்துக் கொம்பாகவும் சேமிக்கப்படுகிறது. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். குறியீடுகளை வந்த வரிசையிலேயே வரையும் மென்பொருளில் கொம்பு பிந்தி நின்று எழுத்து உடைந்து தெரியும். இதைச் சீராக்கும் பணியை ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நூலகம் செய்கிறது. படத்தின் துணையுரைகளை வரையும் லிப்ஆஸ் நூலகம் அதைப் பயன்படுத்துகிறது. கருவியில் தமிழ் எழுத்துரு இல்லையெனில் வெறும் கட்டங்களே தோன்றும். ஆகவே எழுத்துருவையும் உடன் சேர்க்க வேண்டியிருக்கும். கோடியின் இடைமுகத்துக்குத் தமிழ் மொழிப்பொதியும் உள்ளது.

மறுபயன்பாடு

தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திய பின்னும் ஒரு பெட்டியின் வன்பொருள் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். கோடியை மட்டும் இயக்கும் சிறிய லினக்ஸ் வழங்கலான லிப்ரெஎலெக் 2016இல் தோன்றியது. அதிலிருந்து கிளைத்த கோர்எலெக், அம்லாஜிக் சில்லுள்ள பெட்டிகளுக்கானது. அதை எஸ்டி அட்டையிலிருந்தே இயக்கலாம். பெட்டியில் உள்ள ஆண்ட்ராய்டை அழிக்கத் தேவையில்லை. இவ்வாறு பழைய ஆண்ட்ராய்டு பெட்டி மீண்டும் பயன்படுகிறது. பூட்டிய கேபிள் பெட்டிக்கு அவ்வழி இல்லாததால், அது சேவை நின்றதும் மின்கழிவாகிறது.