டிரோமானா பண்ணையின் தலைவாயில்

பெரிய நிலக்கிழாரின் பண்ணைக்குள் நுழையும் இடத்தில், காவலாளி குடும்பத்துடன் தங்கிக் கதவைத் திறந்து மூடுவதற்கென எழுப்பப்பட்ட சிறு வீடே வாயிற்காவல் வீடு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இவை ஏராளமாகக் கட்டப்பட்டன. வருவோர் கண்ணில் முதலில் படுவது இதுவேயாதலால், உடையவரின் செல்வத்தையும் ரசனையையும் காட்டும்படி இதனை அமைப்பது வழக்கமாயிற்று.

அயர்லாந்தின் வாட்டர்போர்டு மாவட்டத்திலுள்ள டிரோமானா பண்ணை வாயில் இவ்வகையில் தனிச் சிறப்புடையது. ஃபினிஸ்க் ஆற்றுப் பாலத்தின் முனையில் நிற்கும் இதன் நடுவே வளைவு வாயில்; மேலே வெங்காய வடிவக் குவிமாடம்; பக்கங்களில் ஒல்லியான மினார்கள். சாளரங்களோ ஐரோப்பியக் கோதிக் முறையில் கூரிய வளைவுடையவை. இந்தியப் பாணியும் கோதிக் பாணியும் இவ்வாறு கலந்ததற்கு முன்மாதிரி, இங்கிலாந்தில் 1815 முதல் 1822 வரை ஜான் நாஷ் புதுப்பித்துக் கட்டிய பிரைட்டன் அரண்மனை எனலாம்.

1826-ஆம் ஆண்டில் பண்ணையார் ஹென்றி வில்லியர்ஸ்-ஸ்டூவர்ட் மணமுடித்து வந்தபோது, குடிகள் மரமும் துணியும் காகிதக் கூழும் கொண்டு இப்படியொரு வரவேற்புத் தோரணம் அமைத்தனர் என்றும், அதன் அழகில் மகிழ்ந்த தம்பதியர் பின்னர் அதனை நிலையாகக் கட்டுவித்தனர் என்றும் அவ்வூரில் வழங்கி வருகிறது.

நிலக்கிழாரின் வாயிலைக் குடியானவர் ஏன் காக்க வேண்டும் என்ற வினா எழலாம். நியாயமான வினாவே. 1920 முதல் 1923 வரை அயர்லாந்தில் நிலக்கிழார் மாளிகைகள் பல தீக்கிரையாயின. ஆயினும் இவ்வாயிலுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அதே 1826-இல் நடந்த தேர்தலில், கத்தோலிக்கருக்குப் பாராளுமன்ற உரிமை வேண்டுமென நின்றவர் இந்தப் பண்ணையாரே. அவர் புராட்டஸ்டண்டு சமயத்தவர். வாக்கை வெளிப்படையாகக் கூறவேண்டியிருந்த அந்நாளில், எதிர்த்தரப்பு நிலக்கிழார்களின் குடிகள் பலர், குத்தகை நிலம் பறிபோகும் என்ற அச்சத்தையும் மீறி அவருக்கு வாக்களித்து வெற்றி தேடித் தந்தனர். 1829-இல் அவ்வுரிமை சட்டமாயிற்று. ஆனால் அதே ஆண்டில், நாற்பது ஷில்லிங் நிலவுரிமை கொண்ட அச்சிறு குடியானவர்கள் வாக்குரிமையை இழந்தனர். ஆகவே இவ்வாயில் பண்ணையாரை மட்டுமன்றிக் குடிகளின் துணிவையும் நினைவூட்டுகிறது.

காலப்போக்கில் காவலாளி தேவையற்றுப் போக, வாயில் சிதைவுற்றது. 1958-இல் தோன்றிய ஐரிஷ் ஜார்ஜியன் சங்கம் 1960-களில் இதனைச் செப்பனிட்டது.

இத்தகைய கட்டடங்களுக்கு முதற் பகைவன் நீர். கூரை ஒழுகினால் மரம் உளுக்கும். வடிகால் அடைபட்டால் சுவர் ஊறும். விரிசலில் முளைக்கும் செடியின் வேர் கல்லைப் பிளக்கும். சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவரில் சிமெண்டு பூசுதல் தவறு. சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஈரம் வெளியேறும். சிமெண்டு அதனை உள்ளே அடைத்துவிடுவதால் கல் பொரிந்து உதிரும். எனவே மழைக்காலத்திற்கு முன் கூரையையும் வடிகாலையும் பார்வையிடுதல், செடியை வேரோடு களைதல், பழுதுபட்ட இடத்தில் மட்டும் சுண்ணாம்புக் காரை இடுதல் ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் நடைபெற வேண்டும்.

இவற்றிற்குப் பெருந்தொகை தேவையில்லை. சிறு பழுதை உரிய காலத்தில் நீக்கினால் பெருஞ்செலவு மிச்சமாகும். பொதுக் கட்டடங்களின் பொறுப்பை ஏற்றுள்ள பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதனை மனத்திற் கொள்ளல் நலம்.